நாற்பத்தொரு கேள்விகளுக்கு

ஐயா ரெய்யோ,
உங்கள் நாற்பத்தொரு கேள்விகளும்
பின்லாந்திலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தன.
இது மூன்றாவது ஆண்டு.
போன முறை முப்பத்தாறுதான்.

விருந்தாளிகள் தூங்கிய பிறகு
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
வரிசை மாறும். கோபிக்காதீர்கள்.

பக்சேயிலிருந்து வண்டி உண்டு.
எத்தனை மணிக்கு என்கிறீர்கள்.
நிறைந்தால் புறப்படும்.
கூரைமேல் ஒரு பன்றிக்குட்டியும்
உங்கள் மடிமேல் யாருடைய குழந்தையோ ஒன்றும் ஏறிவிட்டால்
நிறைந்துவிட்டது என்று பொருள்.

கிப் நோட்டுகளை எண்ணிப் பழகுங்கள்.
லட்சாதிபதியாக வந்திறங்குவீர்கள்.
இரண்டு சுட்ட மீன், ஒரு கூடை ஒட்டரிசி, ஒரு பீர்,
எழுந்து கை கழுவும்போது
லட்சம் போயிருக்கும்.

கொசுவலை உண்டு. ஓட்டைகளைத் தைத்துவிட்டேன்.
மிச்சமிருக்கும் ஒன்று எங்கே என்று
கொசுவுக்குத்தான் தெரியும்.

மின்சாரம் உண்டு,
இருக்கும்போது.

பதினான்காம் கேள்வி.
டால்பின் என்று எழுதியிருக்கிறீர்கள்.
நாங்கள் பா கா என்போம்.
அது மேலே வந்து மூச்சுவிடும் சத்தத்துக்கு
அரிசி களைந்த கையை அப்படியே நிறுத்தியிருக்கிறேன்.
நெடுந்தூரம் நடந்த ஒருவர்
நாற்காலியில் உட்காரும்போது விடுவாரே, அந்த மூச்சு.
எங்கள் மடுவில் கடைசியாக ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.
வாலில் வலை சுற்றிக்கொண்டு கரை ஒதுங்கியது.
என் கணவரின் தம்பி புன்தாவி
படகின் பக்கத்தில் வரைந்த பா காவை இன்னும் அழிக்கவில்லை.
கேட்டால், பெயின்ட் என்ன விலை தெரியுமா என்கிறான்.
நீங்கள் வந்தால் அங்கே கூட்டிப்போவான்.
எஞ்சினை நிறுத்துவான்.
தண்ணீரைக் காட்டுவான்.
பாதிக் கூலிதான் வாங்குவான்.

இனி, எந்த மாதம் நல்ல மாதம்?
எல்லாரும் கேட்பது. எல்லாருக்கும் நவம்பர் என்பேன்,
வழிகாட்டிப் புத்தகங்களும் அதையே சொல்வதால்
சண்டை வராது.

ஆனால் உங்கள் ஒன்பதாம் கேள்வி:
அறை மாடியிலா?
இருபத்திரண்டாவது: படிகளுக்குக் கைப்பிடி இருக்கிறதா?
முப்பத்தேழில் மறுபடியும்,
படகிலிருந்து கரை எவ்வளவு உயரம்?
முழங்கால் என்ற சொல்லை
மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையும் நீங்கள் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

எங்கள் துறையில் முப்பத்தொரு படிகள்.
மார்ச்சில் அத்தனையும் வெளியே கிடக்கும்,
சிமெண்ட் சுடும், அரிசி மூட்டை தூக்குகிறவன்
பதினெட்டாவதில் நின்று யாரையாவது திட்டுவான்.
நவம்பரில் பதினொன்று, பன்னிரண்டு.
செப்டம்பரில் இரண்டே இரண்டு.
மீதி எல்லாம் மேகோங்குக்குள்.

அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்,
மழையில் வாருங்கள்.
நனைவீர்கள். துவைத்த துணி நான்கு நாள் காயாது.
செருப்பில் பூஞ்சை பூக்கும்.
தவளைகள் விடியும்வரை சொத்து வழக்கு நடத்தும்.
ஆறு செங்கல் கரைத்த நிறத்தில் இருக்கும்,
படத்துக்கு அழகில்லை.
ஆனால் அது உங்களைத் தூக்கிவந்து
என் வாசலில் வைத்துவிட்டுப் போகும்.
இரண்டு படி. அதற்கு என் தோள் போதும்.

சாவி மாற்றும் கடை, காப்பி வடிகட்டி, பல் வைத்தியர்:
இல்லை, உண்டு, பக்சேயில்.

மூன்றாம் அறை சன்னலிலிருந்து ஆறு தெரியுமா என்று
முதல் கடிதத்திலேயே கேட்டீர்கள்.
தெரியும் என்று எழுதினேன். அப்போது அது உண்மை.
இதற்குள் மாமரம் வளர்ந்துவிட்டது.
இந்த ஆண்டுதான் முதல் காய்ப்பு, வெட்ட மனம் வரவில்லை.
தேதி சொல்லுங்கள், ஒரு கிளையைக் கழிக்கிறேன்.
சொல்லாவிட்டால்
எனக்கு மாம்பழம்.

முன்பணம் வேண்டாம்.

செங்துவன்